பம்பைப் பிரிக்கவா, டயரை மாற்றவா, வண்டியையே விற்கவா?

காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் என் மாமாவிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. 2009 மாடல், மூன்று லிட்டர் டீசல் எஞ்சின். டாடா 207, பொலிரோ பிக்கப் மாதிரி வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இந்த ரகம் பழக்கமாக இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் காலியாகப் போய், தேங்காய் ஏற்றிக்கொண்டு திரும்பும். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். இந்த வைகாசியில் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

“மாப்ள, வண்டி இப்பெல்லாம் டீசலக் குடிக்கறதில்ல, குளிக்குது.”

நான் போய்ச் சேர்வதற்குள் யோசனைகள் குவிந்துவிட்டன. டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப், அதை எஞ்சினுக்குள் தூவும் நாசில் இரண்டையும் சரி செய்யும் பட்டறைக்காரர் பம்பைப் பிரித்தே ஆக வேண்டும் என்றார். டயர் கடைக்காரர் நாலு டயரையும் ரேடியலாக மாற்றச் சொன்னார். டிரைவர் அண்ணன், மைலேஜ் கூடும் என்று டீசல் டேங்கில் ஊற்றும் மருந்து ஒன்றின் பெயரைச் சொன்னார். என் மச்சான், அதாவது மாமா மகன், ஒரே வரியில் முடித்தான்: “வித்துப்போட்டுப் புதுசு எடுங்கப்பா.” அவரவர் விற்பதை அவரவர் சொன்னார்கள் என்று தள்ளிவிட முடியாது. நாலிலும் ஒரு நியாயம் இருந்தது. எதற்கு எவ்வளவு போட்டால் எவ்வளவு திரும்பி வரும், எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிய வேண்டும். மாமாவின் நோட்டில் “பத்து குடுத்துட்டு இருந்தது” என்ற நினைவு இருந்ததே தவிர, கணக்கு இல்லை. போதாக்குறைக்கு மீட்டர் கேபிள் அறுந்து வருஷக்கணக்காகிறது. பழைய பிக்கப்களில் பாதி இப்படித்தான் ஓடுகின்றன. முதல் செலவாகக் கேபிளை மாற்றினோம். செல்போன் மேப்பில் தூரத்தைப் பார்த்து மீட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டோம். அப்புறம் ஒரே பங்க், ஒரே இடம், வாய் வரைக்கும் டேங்க் ஃபுல். டீசல் நுரைத்துக்கொண்டு ஏறும், பம்ப் ‘டக்’ என்று நின்றதும் நிரம்பிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நுரை அடங்கும் வரை நின்று மறுபடி விட வேண்டும். ஒரு ஃபுல்லை வைத்து முடிவு சொல்லாமல் மூன்று ஃபுல்லைக் கூட்டிச் சராசரி பார்த்தோம். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் வந்தது.

லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,500 கிலோமீட்டருக்கு 167 லிட்டர், மாதம் 15,500 ரூபாய். எல்லா யோசனையையும் இந்தத் தொகையோடு உரசித்தான் பார்க்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மைலேஜ் குறைவான வண்டியில் ஒரு கிலோமீட்டர் கூடினால் கிடைக்கும் லாபம், மைலேஜ் அதிகமான வண்டியில் கிடைப்பதைவிடப் பெரியது. 8 கொடுக்கும் வண்டி 10 கொடுத்தால், மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 37 லிட்டருக்கு மேல் மிச்சம். 12 கொடுக்கும் வண்டி 14 கொடுத்தால் 18 லிட்டர் கூட மிஞ்சாது. இரண்டிலும் கூடியது அதே 2 கிலோமீட்டர்தான். அதனால் பழைய வண்டிக்குப் போய்ச் செலவு செய்வதா என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

முதலில் டேங்கில் ஊற்றும் மருந்து. இதைப் பற்றி மாமாவின் வண்டியிலேயே ஒரு கதை இருக்கிறது. மீட்டர் ஓடாத காலத்திலும் டிரைவர் அண்ணன் தன் நடைகளைத் துண்டுச் சீட்டில் குறித்து வைப்பார். ஒரு நடைக்கு இவ்வளவு தூரம் என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆடியில் அவர் சீட்டுப்படி 8.4. ஐப்பசியில் யாரோ சொல்லி மருந்து ஊற்ற ஆரம்பித்தார், 9.3 ஆனது. பட்டறை முழுக்க அதே பேச்சு. நாலைந்து வண்டிக்காரர்கள் அந்த டப்பாவை வாங்கினார்கள். போன வருஷம் ஆடியிலும் மருந்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் திரும்பவும் 8.4. “மருந்து போலியாயிருச்சுங்க” என்றார்.

மருந்து போலியாகவில்லை. காற்று மாறியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று பாய்கிறது. இந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்றால், காலி பாடியோடு மேற்கே போகும் பிக்கப் என்ன பாடு படும்? நீங்கள் 60இல் போகிறீர்கள், எதிரே 20இல் காற்று அடிக்கிறது என்றால் வண்டிக்கு அது 80இல் போகிற மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது கிட்டத்தட்ட 78 சதவீதம் அதிகம். காலியாகத்தானே போகிறோம் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற அந்த மேற்குப் பயணம்தான் எங்கள் டீசலை வாங்கியது. அதனால் ஒப்பிடுவதானால் ஆடிக்கு ஆடி, ஐப்பசிக்கு ஐப்பசி ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றே உங்களிடம் எதையாவது விற்றுவிடும்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து எஞ்சினுக்கு விடும் கிட் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூட்டிய ஒன்றையும் காணவில்லை. ஹைட்ரஜன் கிட் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர்தான் தர வேண்டும், ஆல்டர்னேட்டரைச் சுற்றுவதும் அதே டீசல்தான்.

சரி, பம்ப்புக்கு வருவோம். இந்த வயது டீசல் வண்டியில் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான், உண்மையான லாபம் கிடைப்பதும் இங்கேதான்.

வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்குப் போனால், சில இடங்களில் பம்ப்பில் டீசல் அளவு ஸ்க்ரூவை ஏற்றி விடுவார்கள். அன்றைக்கு வண்டி பறக்கும். மேடு ஏறும்போது பின்னால் கரும்புகை கக்கும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்து வெளியே போகும் டீசல்தான் அந்தக் கரும்புகை. இதற்கு நேர் எதிராக, மைலேஜ் வேண்டும் என்று கேட்டால் அதே ஸ்க்ரூவை இறக்கி விடுவதும் உண்டு. அப்போது லோடில் இழுவை போய்விடும். டிரைவர் மூன்றாவது கியரிலேயே அலற விட்டு ஓட்டுவார், மிச்சம் பிடித்த டீசல் அங்கே போகும். கம்பெனி வைத்த அளவில் இருப்பதுதான் நல்லது. அந்த அளவை டெஸ்ட் பெஞ்சில், அதாவது பம்பை மாட்டி ஓட்டி டீசல் அளவை அளக்கும் மெஷினில் வைத்துத்தான் சரி பார்க்க முடியும். காதில் கேட்டுப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

ஆனால் பம்பை முழுசாகப் பிரிப்பதற்கு முன் நாசிலை மட்டும் கழற்றிப் பார்க்கலாம். இது சின்னச் செலவு. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இந்த வேலைக்கென்றே பட்டறைகள் உண்டு. நாசிலை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால், நல்ல நாசில் ‘க்ர்ர்’ என்ற சத்தத்தோடு பனிமூட்டம் போலத் தூவும். எங்களுடைய நாலில் இரண்டு அப்படித் தூவின. மூன்றாவது ஒரு பக்கமாகப் பீச்சியது. நாலாவதின் முனையில் அழுத்தத்தை விட்ட பிறகும் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. பட்டறைக்காரத் தம்பி அதை விரலில் தொட்டுக் காட்டினார். “இந்தச் சொட்டுதானுங்ணா உங்க காசு.” இரண்டு நாசில், திறக்கும் அழுத்தம் சரி செய்தது, கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பம்பைத் தொடவே இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, டீசல் கசிவது, பெஞ்சில் அளவு தப்பியிருப்பது என்று ஏதாவது இருந்தால் மட்டும் பம்பைப் பிரியுங்கள். மைலேஜுக்காக மட்டும் பிரிப்பது கடைசி வேலை.

நீலப்புகை வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் போன எஞ்சினுக்குப் புது நாசில் போட்டும் பிரயோசனமில்லை.

இனி யாரும் யோசனை சொல்லாத விஷயங்கள். விற்பதற்கு ஒன்றும் இல்லாததால்தான் யாரும் சொல்லவில்லை என்பது என் சந்தேகம்.

முதலாவது பிரேக். விடியற்காலை ஆளில்லாத சமரோட்டில் 40இல் போய், ஒரு மைல்கல் பக்கத்தில் நியூட்ரல் போட்டுவிட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தோம். அதே இடத்தில் எதிர்த்திசையிலும் ஒரு தடவை. மாமாவின் வண்டி ஒரு புளியமரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கி ஒவ்வொரு வீலாகக் கையைக் கிட்டே கொண்டு போனால், பின்பக்க இடது டிரம் மட்டும் அனல். தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்ப வராமல் லைனர் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை மாதமோ தெரியாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே பொள்ளாச்சி போய் வந்திருக்கிறோம். கேபிள், வீல் பேரிங்குக்குக் கிரீஸ், பிரேக் செட்டிங் எல்லாம் 1,900 ரூபாய். அடுத்த நாள் அதே மைல்கல்லில் விட்டபோது புளியமரத்தைத் தாண்டிப் பாலத்துக்கிட்டே போய் நின்றது. மாமா அங்கேயே இறங்கி நின்று சிரித்தார்.

இரண்டாவது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு. நம்மூர் வெயிலுக்கு எதற்கு என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். ரொம்பப் பேர் வண்டியில் இப்போதும் இருக்காது. எஞ்சின் சூடானால்தான் கெடுதல் என்று நினைக்கிறோம், குளிர்ந்தே ஓடினாலும் கெடுதல்தான். டீசல் சரியாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், தேய்மானமும் கூடும். ஹீட் முள் கீழேயே படுத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். மார்கழிக் காலையில் கோபி, சத்தி பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 700 ரூபாய் ஆனது.

மூன்றாவது ஏர் ஃபில்டர். சாதாரணத் தூசு படிந்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் பெரிதாக மாறாது, அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வண்டி நிற்பது நார் மில் வாசலிலும் கொப்பரைக் களத்திலும். மூடியைத் திறந்தால் உள்ளே காப்பித்தூள் மாதிரி தென்னை நார்த்தூள் அப்பிக் கிடந்தது. தட்டத் தட்ட ஒரு டம்ளர் வந்தது. இந்த மாதிரி அடைத்தால் காற்று குறைந்து கரும்புகை வரும். திருப்பூரில் பஞ்சு ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான். 600 ரூபாய்.

டயரில் மாமாவும் நானும் ஒத்துப்போகவில்லை. ரேடியல் டயரின் பக்கச் சுவர் லேசாக வளைந்து கொடுக்கும், உருளும்போது வீணாகும் சக்தி பழைய ரக நைலான் டயரைவிடக் குறைவு, சில சதவீதம் டீசல் மிஞ்சும். இதெல்லாம் உண்மை. ஆனால் தோட்டத்துக்குள் குண்டுக்கல்லிலும் முள்ளிலும் ஏறி இறங்குகிற வண்டிக்கு நைலானின் தடித்த பக்கச் சுவர் ஒரு தைரியம் என்பார் மாமா. அவர் சொல்வதும் பொய்யில்லை. நான் சொன்னது இதுதான்: இருக்கிற டயரில் பாதிக் கட்டை மிச்சமிருக்கும்போது கழற்றி எறிய வேண்டாம். தேய்ந்து மாற்றும்போது ரேடியலுக்குப் போகலாம். அதுவும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் போடக் கூடாது, பிரேக் அடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். அதுவரை காற்றை ஒழுங்காக வைத்தாலே போதும். டயர் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. அது கார்களுக்கான கணக்கு, இருந்தாலும் நாலு வீலிலும் 15 பி.எஸ்.ஐ. குறைவாக ஓடினால் எவ்வளவு போகும் என்று ஒரு தோராயம் கிடைக்கிறது. பெரிய சைஸ் டயர் போட்டால் மைலேஜ் கூடும் என்பவர்களுக்கு: டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும், உங்கள் கணக்கே தப்பாகும்.

பின் அச்சைச் சுற்ற வைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றி வேகக் கியர் ஆக்குவது என்று ஒரு யோசனை உண்டு. காலியாகச் சமவெளியில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் சுற்று குறையும். ஆனால் லோடு ஏற்றி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், கிளட்ச் பிளேட் தீய்ந்துவிடும். கம்பெனி வைத்ததை மாற்றுவதைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இருக்கிறது, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கும் நேரத்தில் பதில் சொல்ல வேண்டி வரலாம். கேஸுக்கு மாற்றுவதும் இந்த வண்டிக்கு ஆகாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தச் சூட்டில்தான் எரிகிறது. கேஸில் ஓட்ட எஞ்சின் தலையையே மாற்றி அமைக்க வேண்டும்.

மலை என்றதும் நினைவுக்கு வருகிறது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்பது நம் டிரைவர்களிடம் விட மாட்டாத பழக்கம். கியரிலேயே விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் உருட்டலே எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் சுற்றுக்குத் தக்கபடி டீசலைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தானாக ஓட டீசல் வேண்டும். அதாவது கீழே இறங்கும்போது கியர்தான் சிக்கனம். திம்பத்தின் 27 வளைவுகளில் லோடோடு இறங்குகிறவருக்கு அதுதான் உயிரும்.

இப்போது மச்சானின் யோசனை. புது பிக்கப்புக்கு 8 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 17,000 ரூபாய். புது வண்டி 14 கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் 1,500 கிலோமீட்டருக்கு டீசல் 9,960 ரூபாய். பழைய வண்டியைவிட 5,500 ரூபாய் மிச்சம். தவணைக்கு இது எந்த மூலைக்கு? மாதம் 4,500 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 16,600 ஆகும், அப்போதுதான் டீசல் மட்டுமே தவணையை ஏறக்குறையக் கட்டும். அதனால் தினமும் கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிறவர், கொச்சிக்குப் போய் வருகிறவர் மச்சான் பேச்சைக் கேட்கலாம். வாரத்துக்கு இரண்டு நடை போகிறவர் கேட்க வேண்டாம். எஃப்.சி. வருஷா வருஷம், வயதான வண்டிக்கு ரிப்பேர் என்று வேறு செலவுகளும் உண்டுதான். அதைச் சேர்த்துப் பார்த்தும் எங்களுக்குக் கட்டவில்லை. மச்சான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமா கடைசியில் செய்தது பிரேக், தெர்மோஸ்டாட், ஃபில்டர், இரண்டு நாசில். ஆக 6,000 ரூபாய். அப்புறம் டிரைவர் அண்ணனிடம் ஒரு ஒப்பந்தம்: காலியாகப் போகும்போது 60ஐத் தாண்டக் கூடாது, எடைமேடை வரிசையில் எஞ்சினை அணைக்க வேண்டும். மிச்சமாகும் டீசலில் கால் பங்கு அவருக்கு. இந்த ஆடியில் 9.5 கொடுத்தது, போன ஆடியில் 8.4. ஐப்பசியில் 10.5. வருஷத்துக்குச் சராசரி 10 என்று வைத்தால் மாதம் 17 லிட்டருக்குப் பக்கம், 1,550 ரூபாய் மிச்சம். டிரைவர் அண்ணனின் பங்கு போனாலும் ஐந்தாறு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். இதில் வண்டியைச் சரி செய்ததற்கு எவ்வளவு, 60இல் போனதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்தது என் தப்பு.

முன் டயர் இரண்டும் தை வரைக்கும்தான் தாங்கும். மாமா நைலான் விலையையும் ரேடியல் விலையையும் நோட்டில் பக்கத்துப் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். மருந்து டப்பாவில் பாதி மிச்சமிருக்கிறது, டிரைவர் அண்ணன் அதைத் தூக்கிப் போட விடவில்லை.